சும்மா நின்றே பெயர் வாங்கியவர்: ஹாரி டீன் ஸ்டான்டன் கேள்வி பதில்

கேள்வி: சார், ஹாலிவுட் நடிகர் ஹாரி டீன் ஸ்டான்டனை இதுவரை பார்த்ததே இல்லை. எதில் தொடங்கலாம்?

பதில்: பார்த்திருப்பீர்கள், பெயர்தான் தெரிந்திருக்காது. 1979-இல் வந்த 'ஏலியன்' படத்தில் பூனையைத் தேடிப்போய் மாட்டிக்கொள்கிற பிரெட் இவர்தான். மேலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. அவர் பாட்டுக்கு அண்ணாந்து முகத்தை நனைத்துக்கொள்கிறார். நமக்குத்தான் வயிற்றைக் கலக்குகிறது.

கேள்வி: பழைய படங்களின் டைட்டிலில் வெறும் 'டீன் ஸ்டான்டன்' என்று வருகிறதே, வேறு ஆளா?

பதில்: இவரேதான். அப்போது ஹாரி ஸ்டான்டன் என்று இன்னொரு நடிகர் இருந்தார். குழப்பம் வேண்டாமென்று 'ஹாரி'யை விட்டுவிட்டார்.

கேள்வி: நடிக்கிற மாதிரியே தெரியவில்லையே, எங்கே கற்றார்?

பதில்: கென்டக்கிக்காரர். இரண்டாம் உலகப் போரில் கடற்படைக் கப்பலில் சமையல்காரர். பிறகு பாசடீனா பிளேஹவுஸ் நாடக அரங்கில் பயிற்சி. ஆனால் அவரே அடிக்கடி சொன்னது நண்பர் ஜாக் நிக்கல்சன் தந்த யோசனையைத்தான். இவரும் நடித்து 1966-இல் வந்த ஒரு வெஸ்டர்ன் (கௌபாய்) படத்துக்கு நிக்கல்சன்தான் கதை எழுதினார். "நீ ஒன்றும் செய்யாதே, உடுப்பு நடித்துக்கொள்ளும்" என்ற பொருளில் சொன்னாராம். மனுஷன் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

கேள்வி: ஹீரோவாக நடித்ததே இல்லையா?

பதில்: விம் வெண்டர்ஸின் 'பாரிஸ், டெக்ஸாஸ்' இருக்கிறதே! 1984-இல் கான் திரைப்பட விழாவில் முதல் பரிசான தங்கப் பனை வாங்கிய படம். இவருக்கு 58 வயது நெருங்கிவிட்டது. சிவப்புத் தொப்பியோடு பாலைவனத்தில் நடந்து வருபவர் படம் தொடங்கி வெகுநேரம் வாயே திறப்பதில்லை. கடைசியில், பிரிந்த மனைவியிடம் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கமிருந்து தொலைபேசியில் பேசுவார். அவரால் அவளைப் பார்க்க முடியும், அவளால் முடியாது. ஆனாலும் நாற்காலியைத் திருப்பி முதுகைக் காட்டி உட்கார்ந்துதான் தங்கள் கதையைச் சொல்லத் தொடங்குகிறார். குரல் ஏறுவதே இல்லை. இதை மட்டுமாவது தயவுசெய்து செல்போனில் பார்க்காதீர்கள்.

கேள்வி: ஆஸ்கர்?

பதில்: பரிந்துரைகூட இல்லை.

கேள்வி: இவர் இருந்தால் படம் மோசமாக இருக்காது என்று விமர்சகர் ரோஜர் ஈபர்ட் எழுதியது உண்மையா?

பதில்: உண்மை. துணைப் பாத்திரத்தில் இவரோ எம். எம்மெட் வால்ஷோ இருந்தால் படம் முழுக்க மோசமாக முடியாது என்றார். அப்புறம் 1989-இல் ஒரு படத்தைப் பார்த்துவிட்டு விதி உடைந்துவிட்டது என்று அவரே ஒத்துக்கொண்டார்.

கேள்வி: டிவியில்?

பதில்: 'கன்ஸ்மோக்' என்ற பழைய கௌபாய் தொடர் காலத்திலிருந்தே உண்டு. என் ஓட்டு 2006-இல் தொடங்கிய 'பிக் லவ்' தொடருக்குத்தான். அதில் இவர் பலதார மணக் கூட்டத்தின் தலைவர் ரோமன் கிராண்ட். தாத்தா மாதிரி மெதுவாகப் பேசிப் பேசியே பயமுறுத்துவார்.

கேள்வி: நேரமில்லை சார், ஒரே ஒரு காட்சி சொல்லுங்கள்.

பதில்: டேவிட் லிஞ்சின் 'தி ஸ்ட்ரெய்ட் ஸ்டோரி', 1999. பேச்சுவார்த்தை விட்டுப்போன சகோதரரைப் பார்க்க, ஒரு பெரியவர் புல்வெட்டும் வண்டியிலேயே ஐயோவாவிலிருந்து விஸ்கான்சினுக்கு வருகிறார். அந்தச் சகோதரராக ஸ்டான்டன் கடைசியில்தான் வருவார். வாசலில் நிற்கிற வண்டியை ஒரு பார்வை பார்க்கிறார். இதிலேயா என்னைப் பார்க்க வந்தாய் என்று கேட்கிறார். கண் நிறைகிறது, அவ்வளவுதான். ஆனால் அதை முதலில் பார்க்காதீர்கள். வண்டியோடு கூடவே போய்ச் சேருங்கள்.