ரைமிங் செயின் மாற்றியபின் என்ஜின் நடுங்குகிறது: காசைத் திருப்பிக் கேட்கலாமா?

கேள்வி: யாழ்ப்பாணத்தில் ஒரு கராஜில் என் 2.4 லீற்றர் ஜீப்புக்கு ரைமிங் செயின் (என்ஜினின் உள்தண்டுகளை இசைவாகச் சுற்றவைக்கும் சங்கிலி) மாற்றி இரண்டரை மாதமாகிறது. அன்று தொடக்கம் 2500 ஆர்பிஎம் தாண்டினால் ஸ்டியரிங்கும் சீற்றும் நடுங்குகின்றன. "பழைய வாகனம், அப்படித்தான்" என்கிறார் கராஜ்காரர். இன்னொரு மெக்கானிக், பலன்ஸ் ஷாஃப்ட் குறி பிசகியிருக்கலாம், கழற்றிப் பார்ப்போம் என்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: கழற்றாதீர்கள். கராஜ்காரருக்கு அறிவிக்காமல் என்ஜினைத் திறந்தால், குறியைப் பிசகவைத்தது இரண்டாவது மெக்கானிக்தான் என்று அவர் சொல்லிவிடுவார். அதை மறுக்க உங்களிடம் ஒன்றும் இராது.

பலன்ஸ் ஷாஃப்ட் என்பது, என்ஜினின் பிரதான தண்டான கிராங்கைவிட இரண்டு மடங்கு வேகத்தில் சுற்றி நடுக்கத்தை அடக்குவது. செயின் பூட்டும்போது பல்சக்கரங்களில் பொருத்தவேண்டிய குறி தவறினால் அதுவே நடுக்கத்தைக் கூட்டும். வண்டி ஓடும், எச்சரிக்கை லைற்றும் எரியாது. ஆனால் என்ஜினைத் தாங்கும் மவுண்டிங் தேய்ந்தாலும் வண்டி நடுங்கும். எதிர்த்தரப்பு முதலில் பிடிக்கப்போவது அதைத்தான். ஆகவே மவுண்டிங்கைச் சோதித்து, முடிவை மெக்கானிக்கிடம் எழுத்தில் வாங்குங்கள்.

அப்புறம் திகதி குறித்து, "உங்கள் முன்னிலையில் திறக்கிறோம், வாருங்கள்" என்று கராஜுக்குப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்புங்கள். திறக்கும்போது செயினைத் தளர்த்துமுன், முதல் சிலிண்டரின் பிஸ்டன் மேல்நிலையில் நிற்க, பல்சக்கரக் குறிகளைப் படம் எடுங்கள். குறியோடு பொருத்துவதற்காகச் செயினில் நிறமிட்டிருக்கும் கண்ணிகள் விலகி நிற்பதைக் காட்டிக் குற்றம் சாட்டாதீர்கள். என்ஜின் சுற்றியபின் அவை மறுபடி குறியோடு சேரப் பல சுற்றுகள் வேண்டும். (இதைச் சொல்லித்தந்தது சட்டக்கல்லூரி அல்ல, கோண்டாவில் மெக்கானிக் ஒருவர்.)

சட்டம் உங்கள் பக்கம். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் 32 ஆம் பிரிவின்படி, சேவை உரிய கவனத்தோடும் திறமையோடும் செய்யப்படும் என்ற உத்தரவாதம், பில்லில் எழுதாவிட்டாலும் உண்டு. ஆனால் 13 ஆம் பிரிவின்படி எழுத்து முறைப்பாடு, சேவை நடந்து மூன்று மாதத்துக்குள் அதிகார சபைக்குப் போய்ச் சேரவேண்டும். உங்களிடம் இருப்பது இரண்டு கிழமைதான். கராஜின் பதிலுக்குக் காத்திராமல் மாவட்டச் செயலகத்திலுள்ள அதன் அலுவலகத்தில் இந்தக் கிழமையே கொடுத்துவிடுங்கள். மெக்கானிக்கின் அறிக்கையைப் பின்னர் சேர்க்கலாம். விசாரித்தபின் நட்டஈடு கொடுக்கவோ காசைத் திருப்பவோ அதிகார சபை கட்டளையிடலாம்.

அந்தக் காலம் தவறினாலும் நீதிமன்றம் இருக்கிறது. எழுத்தில் இல்லாத ஒப்பந்தத்துக்கு வழக்குப்போட மூன்று வருடம். தொகையைப் பொறுத்து, முதலில் மத்தியஸ்த சபைக்குப் போகவேண்டி வரலாம். பில் தரவில்லையென்றால் வாட்ஸ்அப் செய்திகளையும் வங்கிப் பணமாற்றப் பதிவையும் அழிக்காமல் வைத்திருங்கள்.