பழைய காணிச் சட்டமும் புது வீடும்: கேள்வி பதில்

மலையகத்தில் இருக்கும் வீட்டை இடித்துக் கட்டவோ காணியைப் பிரித்துக் கட்டவோ போகும்போது குறுக்கே நிற்கும் பழைய கட்டுப்பாடுகள் பற்றி வந்த கேள்விகளுக்குக் காணி வழக்குகளைப் பார்க்கும் சட்டத்தரணி ஒருவர் பதில் தருகிறார்.

பண்டாரவளையிலிருந்து: அப்பாவுக்கு ஜயபூமி அளிப்பில் (அரசு குடிமக்களுக்கு உரிமைப் பத்திரத்தோடு காணி கொடுக்கும் திட்டம்) கிடைத்த காணி. நானும் தங்கச்சியும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக் கட்ட நினைக்கிறோம். 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தைக் காட்டி மறுக்கிறார்கள். இவ்வளவு பழைய சட்டத்தை நீதிமன்றத்தில் உடைக்க முடியாதா ஐயா?

சட்டத்தை உடைக்க முடியாது தம்பி. 1978 அரசியலமைப்பின் 16(1)ஆம் உறுப்புரையைப் படியுங்கள். அதற்கு முன்பிருந்த எழுத்துச் சட்டங்கள் அடிப்படை உரிமைகளுக்கு முரணாக இருந்தாலும் செல்லுபடியாகும் என்கிறது. எனக்கு இது நியாயமாகப் படவில்லை. ஆனாலும் வழக்கை இதற்கு ஏற்பத்தான் அமைக்க வேண்டும். தாக்க வேண்டியது சட்டத்தை அல்ல, அதன் கீழ் அதிகாரி எடுத்த முடிவை.

முதலில் அளிப்புப் பத்திரத்தை எடுங்கள். எவ்வளவு சிறிய துண்டு வரை பிரிக்கலாம் என்று அதிலேயே எழுதியிருக்கும். உங்கள் பாதி அதற்குக் குறைவென்றால் வழக்கில் பணத்தைக் கொட்டாதீர்கள். காணியைப் பிரிக்காமல் இரண்டு மாடியாகக் கட்ட முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். குறையாவிட்டால் பிரதேச செயலாளரின் எழுத்து மூல அனுமதியை முன்கூட்டியே பெற வேண்டும். நொத்தாரிசிடம் உறுதியை முடித்துவிட்டுப் பிறகு அனுமதி கேட்பதுதான் பலரும் செய்யும் பிழை. அந்த உறுதி வெற்றுக் காகிதம். வங்கிக் கடனுக்குப் போகும்போதுதான் அது தெரியவரும்.

மறுப்பை வாய்ப்பேச்சில் ஏற்காதீர்கள், கடிதமாகக் கேளுங்கள். காரணம் எழுதவில்லையென்றால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கோப்பின் பிரதியைக் கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று சொல்லியாக வேண்டும். கோப்பில் காரணமே இல்லை, அல்லது சட்டத்துக்குச் சம்பந்தமில்லாத காரணம் இருக்கிறது என்றால் அதிகாரியின் முடிவை இரத்துச் செய்யக் கோரும் ரிட் மனுவுக்கு வலு உண்டு.

ஹட்டனிலிருந்து: லயக் காம்பராவை (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டு அறையை) இடித்துவிட்டு அதே இடத்தில் கல்வீடு கட்டத் தொடங்கினோம். வெளியேறும்படி அறிவித்தல் ஒட்டியிருக்கிறார்கள். கண்டி மேல் நீதிமன்றத்துக்குப் போகலாமா?

போக வேண்டாம். 2013 செப்டெம்பரில் ஸ்டஃபோர்ட் தோட்ட வழக்கில் உயர் நீதிமன்றம் தீர்த்துவைத்த விடயம் இது. அரச காணியிலிருந்து வெளியேற்றும் அறிவித்தலை மாகாண மேல் நீதிமன்றம் விசாரிக்க முடியாது. அரசியலமைப்பின் 140ஆம் உறுப்புரையின் கீழ் கொழும்பிலுள்ள மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். தோட்டக் கம்பனி வெறும் குத்தகைக்காரர்தான். காணி அரசின் கையிலோ அரச கூட்டுத்தாபனத்தின் கையிலோ இருக்கிறது. ஆகவே 1979ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க அரச காணி (உடைமை மீட்பு) சட்டம் அங்கே பாயும்.

அந்தச் சட்டம் மிகக் கடுமையானது. அறிவித்தலுக்குக் குறைந்தது 30 நாள் அவகாசம் தர வேண்டும். அது முடிந்ததும் நீதவான் நீதிமன்றத்துக்கு வருவார்கள். அங்கே நீங்கள் காட்டக்கூடியது ஒன்றே ஒன்று: சட்டப்படி கொடுக்கப்பட்டு இன்னும் இரத்தாகாத அரசின் அனுமதிப்பத்திரம் அல்லது வேறு எழுத்து அதிகாரம். மின்கட்டணப் பட்டியல், வாக்காளர் இடாப்பு, நான்கு தலைமுறையாக இருக்கிறோம் என்ற பேச்சு எதுவும் எடுபடாது. நீதவானின் வெளியேற்றக் கட்டளைக்கு மேன்முறையீடும் இல்லை. அதனால் அந்த 30 நாளுக்குள் ரிட் மனுவும் இடைக்காலத் தடைக் கோரிக்கையும் போய்விட வேண்டும்.

மனுவோடு அறிவித்தல், தோட்ட நிர்வாகம் முன்பு தந்த கடிதங்கள், வீட்டுத் திட்டத்தில் பெயர் இருந்தால் அந்தப் பட்டியல், சத்தியக் கடதாசி எல்லாம் சேர வேண்டும். ஏற்கெனவே ஒருமுறை மறுத்த கடிதம் கையிலிருந்தால் அதையும் சேருங்கள். முக்கிய விடயத்தை மறைத்ததாகத் தெரிந்தால் நியாயத்தைக் கேட்காமலே மனுவைத் தள்ளுவார்கள்.

கண்டியிலிருந்து: தாத்தாவின் 1950களின் உறுதியில், காணியை விற்கக்கூடாது, பேரப்பிள்ளைகளுக்கே போக வேண்டும் என்றிருக்கிறது. வாங்குபவர் பயப்படுகிறார்.

அந்த வகைத் தடையை 1972ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் ஒழித்துவிட்டது. அப்போது காணி யார் கையில் இருந்தது என்று கண்டுபிடித்து, அங்கிருந்து வாரிசு வழியைச் சட்டத்தரணியிடம் சரிபார்த்துக்கொள்ளுங்கள். வழிப்பாதை, தண்ணீர் உரிமை வேறு கதை. காணிப் பதிவகத்தில் அப்படிப் பதிவு இருந்தால் அது இன்றும் கட்டுப்படுத்தும்.

நுவரெலியாவிலிருந்து: மண்சரிவு அபாயம் என்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் அறிக்கை தந்ததால் பிரதேச சபை பழைய வீட்டைத் திருப்பிக் கட்ட விடவில்லை ஐயா. வழக்குப் போடலாமா?

நான் தடுப்பேன். புவிச்சரிதவியலாளரின் கருத்துக்குப் பதிலாக நீதிமன்றம் தன் கருத்தை வைக்காது. 2014 ஒக்டோபரில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் நடந்த மண்சரிவுக்குப் பிறகு இந்த எச்சரிக்கையை நானும் வெறும் தடையாகப் பார்க்கவில்லை. அறிக்கையின் முழுப் பிரதியை வாங்குங்கள். முற்றாகக் கட்டக்கூடாது என்கிறதா, நிபந்தனையோடு கட்டலாம் என்கிறதா என்பதில்தான் எல்லாம் தங்கியிருக்கிறது. நிபந்தனை என்றால் பொறியியலாளரைக் கொண்டு வரைபடத்தை மாற்றுங்கள். மலையை ஆழமாக வெட்டாமல் சரிவோடு படிப்படியாக அத்திவாரம், நீர் வடியத் துளை விட்ட தாங்குசுவர், கூரைத் தண்ணீர் சரிவில் இறங்காமல் கால்வாய்க்கு ஓடும் கான். பிறகு மறுபரிசீலனைக்குக் கொடுங்கள்.

பதுளையிலிருந்து: பக்கத்துக் காணிக்காரருக்குக் கொடுத்த அனுமதியை எனக்கு மட்டும் மறுத்தார்கள். அடிப்படை உரிமை மனு போட எவ்வளவு காலம் உண்டு?

மறுப்பு நடந்து ஒரு மாதம், உயர் நீதிமன்றத்தில். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் கணக்கில் சேராது. முறைப்பாட்டுப் பிரதியில் திகதி முத்திரை வாங்கி, விசாரணை நடக்கிறது என்பதற்கான கடிதத்தையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். முறைப்பாட்டைக் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்தவர்களின் மனுக்கள் காலம் கடந்ததென்று தள்ளப்பட்டிருக்கின்றன.