கணவன் மனைவி இருவர் மட்டும், கடலும் ஒயினுமாக இரண்டு நாள் நிம்மதியாக இருக்க புதுச்சேரி சரிப்படுமா?

கேள்வி கேட்டவர் வெளிநாட்டுப் பயண வீடியோக்களை நிறையப் பார்த்திருப்பார் போல. கடலோரத்தில் திராட்சைத் தோட்டம், மர மேசை, இரண்டு கண்ணாடிக் கோப்பை. "பிரெஞ்சுக்காரன் ஆண்ட ஊராச்சே, புதுச்சேரியில் அப்படி ஏதும் இருக்காதா, சனி ஞாயிறில் எப்படிப் போய் வருவது" என்று கேட்டிருக்கிறார். சென்னையில் இருவரும் வேலைக்குப் போகிறவர்கள், லீவு ஒரே நாளில் அமைவதே அபூர்வம் என்று வைத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன்.

திராட்சைத் தோட்டம் இங்கே கிடையாது. ஒயின்ஷாப் தெருவுக்குத் தெரு உண்டு. ஆனால் நம்மூரில் ஒயின்ஷாப் என்றால் ஒயின் தவிர மற்ற எல்லாம் விற்கும் கடை என்பது உங்களுக்கே தெரியும். பிரெஞ்சுக்காரன் இருந்தால் மட்டும் கொடி வந்துவிடாது. ஒயின் திராட்சைக்குப் பகலில் வெயிலும் இரவில் குளிரும் வேண்டும், பழம் முற்றும்போது காற்று காய்ந்திருக்க வேண்டும். இங்கே இரவிலும் புழுக்கம், ஐப்பசி கார்த்திகையில் கொட்டும் மழை. இலையில் பூஞ்சணம் பிடித்தே செடி போய்விடும். தோட்டத்தில்தான் உட்கார வேண்டும் என்றால் நாசிக் போங்கள். ஜனவரி முதல் மார்ச் வரை அறுவடை. பெங்களூரு பக்கம் நந்தி மலை அடிவாரத்திலும் தோட்டங்கள் இருக்கின்றன. தமிழ்நாட்டில் கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சை ஆண்டு முழுக்கக் காய்க்கும், 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் அது பெரும்பாலும் கூடையில் ஏறி சந்தைக்குப் போகும் பழம். இந்த மூன்று இடத்திலும் கடல் கிடையாது.

கடலும் ஒரு நல்ல பாட்டிலும் போதும் என்றால் புதுச்சேரி தாராளமாகச் சரிப்படும். "பாண்டி போறியா?" என்று கண்ணடித்துக் கேட்கும் கூட்டத்துக்கு இந்தப் பதில் இல்லை. குடிக்காதவர்கள் ஒயின் பற்றிய பத்திகளைத் தாண்டிப் படிக்கலாம். நான் யாரையும் குடிக்கச் சொல்லவில்லை, கருத்துப் பெட்டியில் சண்டைக்கு வரவேண்டாம்.

முதலில் நாள். டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி முடிய நல்ல பருவம். புத்தாண்டு வாரத்தையும் பொங்கல் விடுமுறையையும் மட்டும் தவிர்த்துவிடுங்கள், அப்போது நடக்கவே இடம் இருக்காது. அக்டோபர், நவம்பரில் அறை வாடகை இறங்கும், ஆனால் வானத்தை நம்ப முடியாது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம்தான் கரையைக் கடந்தது, ஊரே தண்ணீரில் நின்றது. அந்த மாதங்களில் வருவதானால் கடைசி நாள்வரை ரத்து செய்யக்கூடிய அறையாகப் பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அப்போது தட்டில் வரும் வஞ்சிரம் ஐஸில் பல நாள் கிடந்ததாக இருக்கும், விலையும் ஏறியிருக்கும். மீன் சாப்பிடவே வருகிறவர்கள் அந்த இரண்டு மாதத்தை விட்டுவிடலாம். காந்தி ஜெயந்தி, குடியரசு நாள், சுதந்திர நாள் மூன்றிலும் மதுக்கடை மூடியிருக்கும். நீண்ட வார இறுதி என்று ஆசையாகத் தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் இந்த நாட்களாகத்தான் அமையும்.

அடுத்தது அறை. பாதிப் பயணம் கெடுவது இங்கேதான், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். வெள்ளை நகரத்தில் பழைய பிரெஞ்சு வீடுகளையும், பெரிய வாய்க்காலுக்கு மேற்கே வைசியாள் வீதிப் பக்கம் தாழ்வாரமும் முற்றமும் வைத்த தமிழ் வீடுகளையும் தங்குமிடமாக மாற்றியிருக்கிறார்கள். படத்தில் எல்லாம் அழகு. போனில் கேட்க வேண்டியவை வேறு. அறை எந்த மாடி? தரைத்தளமானால் மழைக்குப் பிறகு பழைய சுண்ணாம்புச் சுவரில் உப்பு பூத்து ஈர வாடை அடிக்கும். மாடியானால் லிஃப்ட் இருக்காது, படி செங்குத்து. ஜன்னல் தெருப் பக்கமா, முற்றத்துப் பக்கமா? சனிக்கிழமை இரவு தெருவில் ஹாரனும் பேச்சும் நள்ளிரவு தாண்டியும் ஓயாது, ஆகவே முற்றத்துப் பக்கம் கேளுங்கள். ஒட்டினாற்போல மொட்டைமாடி பார் இருக்கிறதா? இதைக் கேட்காமல் பணம் கட்டாதீர்கள். முற்றத்துப் பக்க அறைக்கும் அந்த பாரின் பாட்டுச் சத்தம் சுவர் வழியாக வரும். கார் எங்கே நிற்கும்? "தெருவிலேயே நிறுத்திக்கலாம் சார்" என்று பதில் வந்தால், இடம் இல்லை என்று பொருள். அறைக்குள் ஃப்ரிட்ஜ் உண்டா, வெளியே வாங்கிய பாட்டிலைத் திறக்க விடுவார்களா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். ஒரு நாள் வாடகை 7,500 ரூபாயைத் தாண்டினால் 18 சதவீதம் ஜிஎஸ்டி, அதைச் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். இருவரும் ஆதார் அசலைக் கையில் வைத்திருங்கள்.

முடிந்தால் சனி ஞாயிறை விட்டு ஞாயிறு மாலை வந்து செவ்வாய் காலை கிளம்புங்கள். அதே அறை விலை குறையும், ஊரும் தன் குரலில் பேசும். அருங்காட்சியகத்துக்குத் திங்கள் விடுமுறை, அது ஒன்றுதான் நஷ்டம்.

இப்போது ஒயின். கடையில் பாட்டிலைத் தெருப் பக்க அலமாரியில், வெயில் படும்படி நிற்க வைத்திருந்தால் அதைத் தொடாதீர்கள். உள்ளே குளிர்பெட்டியிலோ இருட்டு அலமாரியிலோ இருப்பதைக் கேளுங்கள். கார்க் விளிம்பைத் தாண்டி லேசாக வெளியே தள்ளியிருந்தாலோ, கழுத்தில் கசிந்து காய்ந்த தடம் இருந்தாலோ சூட்டில் கெட்ட பாட்டில். இந்திய வெள்ளை ஒயினானால் லேபிளில் ஆண்டைப் பாருங்கள், இரண்டு வருடத்துக்கு மேல் பழசு வேண்டாம். 'பழசானால் ருசி கூடும்' என்பது இந்த வகைக்குப் பொருந்தாது. வாங்கியதை டிக்கியில் போட்டுவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போகாதீர்கள். வெயிலில் நின்ற காருக்குள் 50 டிகிரி ஏறும், இரண்டு மணி நேரத்தில் வேகவைத்த பழ வாடை வந்துவிடும்.

ஒரு பாட்டில் 750 மில்லி, 150 மில்லி வீதம் ஐந்து கோப்பை. இரண்டு பேருக்கு ஒரு மாலைக்கு அது போதும். குடிக்கும்போது வெள்ளை 8 முதல் 10 டிகிரி, சிவப்பு 16 முதல் 18 இருக்க வேண்டும். 'அறை வெப்பத்தில் சிவப்பு' என்று புத்தகத்தில் படித்தது ஐரோப்பிய அறைக்கு. நம் அறையில் ஏசி போட்டாலே 24, ஆகவே சிவப்பையும் அரை மணி ஃப்ரிட்ஜில் வையுங்கள். அறையில் இருக்கும் குட்டி ஃப்ரிட்ஜ் வெள்ளையைக் குளிரவைக்க மூன்று மணி நேரம் எடுக்கும். அவசரமென்றால் வாளியில் பாதி ஐஸ், பாதி தண்ணீர், ஒரு கைப்பிடி கல் உப்பு போட்டு பாட்டிலைக் கழுத்துவரை அமுக்கிவிடுங்கள், 20 நிமிடம் போதும். வெறும் ஐஸில் நட்டு வைத்தால் இடையிலெல்லாம் காற்று, அரை மணி ஆனாலும் அடிப்பாகம் மட்டும் குளிரும். கார்க் திறக்கும் ஸ்க்ரூவை வீட்டிலிருந்தே கொண்டு வாருங்கள். இல்லாவிட்டால் திருகு மூடி பாட்டிலாக வாங்குங்கள், அதில் தரக்குறைவு ஒன்றும் இல்லை.

கூடச் சாப்பிடுவது என்ன என்பது முக்கியம். நம் மீன் வறுவலும் இறால் தொக்கும் மிளகாய். காரத்தோடு ஷிராஸ், கேபர்நே போன்ற துவர்ப்பான சிவப்பு சேர்ந்தால் நாக்கு எரிந்து ஒயினும் கசக்கும். லேசான இனிப்புள்ள செனின் பிளாங்க் என்ற வெள்ளை ஒயின் காரத்தை அணைக்கும். சிவப்புதான் வேண்டுமென்றால் அன்றைக்கு மட்டும் காரத்தை விட்டுவிட்டு, பேக்கரியில் பகெத் ரொட்டியும் ஆரோவில் சீஸும் வாங்கி வாருங்கள்.

எல்லைக் கணக்கு எல்லோரும் தடுக்கி விழும் இடம். புதுச்சேரியும் தமிழ்நாடும் இங்கே ஒன்றுக்குள் ஒன்றாகத் துண்டு துண்டாகக் கிடக்கின்றன. முத்தியால்பேட்டை தாண்டினால் கோட்டக்குப்பம், அது தமிழ்நாடு. இன்னும் வடக்கே போனால் காலாப்பட்டு, மறுபடி புதுச்சேரி. செரினிட்டி கடற்கரை, பெரிய முதலியார்சாவடி, ஆரோவிலின் பெரும்பகுதி எல்லாம் விழுப்புரம் மாவட்டம். 'பாண்டி ரிசார்ட்' என்று பெயர் வைத்து அந்தப் பக்கம் இருக்கும் இடத்தில் அறை போட்டுவிட்டு, ஊருக்குள் பாட்டில் வாங்கி ஸ்கூட்டரில் கொண்டுபோனால் சட்டப்படி அது மதுக்கடத்தல். தெற்கே கடலூர் வழியும் இதே கதை, கன்னியக்கோயில், முள்ளோடை தாண்டினால் ஆல்பேட்டை சோதனைச் சாவடி. ஒரு பாட்டில்தானே என்று கேட்டுப் பயனில்லை. ஒயினுக்காக வருகிறவர்கள் ஊருக்குள்ளேயோ, தெற்கே நோணாங்குப்பம், தவளக்குப்பம் பக்கமோ தங்குங்கள்.

ஸ்கூட்டர் வாடகைக்கு எடுத்தால் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்துள்ள வண்டியாகப் பாருங்கள், அதுதான் வாடகைக்கு அனுமதி பெற்றது. வெள்ளைப் பலகை வண்டி மலிவாகக் கிடைக்கும், விபத்தானால் காப்பீடு கைவிடும். குடித்த பிறகு எந்தப் பலகையும் வேண்டாம், ஆட்டோ பேசிக்கொள்ளுங்கள். ஏறும் முன்பே ரேட் முடித்துவிடுங்கள்.

பார்க்கும் இடப் பட்டியல் போடாதீர்கள். ஒரு நாளைக்கு ஒன்று போதும். இது கிழக்குக் கடற்கரை. கடலில் சூரியன் இறங்குவதைப் பார்க்கலாம் என்று கேமராவோடு மாலையில் வந்து நிற்கும் ஜோடிகளைப் பார்த்தால் பாவமாக இருக்கும். உதயம்தான் இங்கே காட்சி. ஜனவரியில் ஆறரை, மே மாதம் ஐந்தே முக்கால். மாலை 6 முதல் காலை 7.30 வரை கடற்கரைச் சாலையில் வண்டிகளுக்கு அனுமதி இல்லை, அதனால் விடிகாலை நடைக்கு அதைவிட நல்ல இடம் இல்லை. பாறைகளில் இறங்காதீர்கள், பாசி வழுக்கும். 1980-களில் தெற்கே துறைமுகச் சுவர் கட்டியதில் வடக்கு நோக்கி நகரும் மணல் தடைப்பட்டு, கரை அரித்துப்போனது. அதற்காகக் கொட்டிய கல் அது. குளிக்க ஆசையென்றால் சுண்ணாம்பாறு படகுத்துறையிலிருந்து பாரடைஸ் கடற்கரைக்குக் காலை முதல் படகில் போங்கள், பகல் ஏறினால் வரிசையிலேயே நேரம் போய்விடும். அங்கேயும் இடுப்பளவுக்கு மேல் வேண்டாம், அடி இழுப்பு பலமானது.

இரண்டாம் நாள் அரிக்கமேடு. ஊருக்குத் தெற்கே சுமார் 4 கிலோமீட்டர், அரியாங்குப்பம் ஆற்றங்கரை. பார்ப்பதற்குப் பிற்காலத்து உடைந்த செங்கல் சுவரும் மரநிழலும்தான், ஆள் அரவம் இருக்காது. 1945-இல் தொல்லியல் அறிஞர் மார்ட்டிமர் வீலர் இங்கே தோண்டியபோது ரோமானிய ஆம்போரா ஜாடிகளின் உடைசல் கிடைத்தது. மத்தியதரைக் கடல் பக்கத்திலிருந்து கப்பலில் ஒயின் வந்த ஜாடிகள். இரண்டாயிரம் வருடத்துக்கு முன்பும் இந்த ஊரில் ஒயின் குடித்திருக்கிறார்கள், அப்போதும் திராட்சை இங்கே விளையவில்லை. அகழ்வில் கிடைத்தவற்றில் சில பாரதி பூங்கா அருகே அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஆரோவிலின் தியான மண்டபமான மாத்ரி மந்திர் உள்ளே போக வேண்டுமானால் பல நாள் முன்பே பதிவு செய்ய வேண்டும். வெளியிலிருந்து பார்க்கும் இடத்துக்குப் பார்வையாளர் மையத்திலிருந்து ஒரு கிலோமீட்டர் போல நடை. அரிக்கமேடு, மாத்ரி மந்திர் இரண்டுக்கும் ஆசைப்பட்டு ஓடினால் நிம்மதி போச்சு.

கூட்டமே ஆகாது என்பவர்கள் கடலூர் தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரைக்கு ஒரு காலை நேரம் போய்வரலாம், 25 கிலோமீட்டருக்குள்தான். பக்கத்திலேயே புனித டேவிட் கோட்டையின் மிச்சம். மணல் அகலம், ஆள் குறைவு.

கேட்காத ஒன்று, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். தெருவில் இடம் இல்லையென்று குடியிருக்கும் வீட்டு வாசலை அடைத்துக் காரை நிறுத்திவிட்டு போனை அணைத்துவிடுகிறார்கள். உள்ளே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய பாட்டி இருப்பார், டியூஷனுக்குக் கிளம்பும் பிள்ளை இருக்கும். மணலில் பாட்டிலை உடைத்துப் போட்டுவிட்டுப் போவது இன்னொன்று. மறுநாள் விடிகாலை அங்கே வெறுங்காலோடு வலை இழுப்பவர்கள் இருக்கிறார்கள். காலி பாட்டில் ஐஸ் வாளிக்குள்ளேயே இருக்கட்டும், அறையைக் காலி செய்யும்போது கொடுத்துவிடுங்கள்.

திரும்பும் நாள் ஞாயிறானால் காலை 10 மணிக்கு முன் கிளம்புங்கள், அல்லது இரவு 9-க்கு மேல். இடைப்பட்ட நேரத்தில் இசிஆர் முழுக்கச் சென்னை திரும்பும் கூட்டம். அன்று காந்தி வீதியில் ஞாயிறு சந்தை, காரை அந்தப் பக்கம் விடாதீர்கள். முந்தின இரவு பாதி மிஞ்சிய பாட்டில் ஃப்ரிட்ஜில் இருந்தால், எல்லை தாண்டி எடுத்துப்போகாமல் வாஷ்பேசினில் ஊற்றிவிட்டு வண்டியை எடுங்கள்.