கொங்கணிக்கு ரோமன் எழுத்து போர்த்துகீசியர் திணித்ததா?

கொங்கணியின் சொந்த எழுத்து தேவநாகரிதான், ரோமன் எழுத்தைப் போர்த்துகீசியர் திணித்தார்கள் என்பது உண்மையா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டு பாதியும் சரியில்லை என்பதே என் பதில். கோவாவின் மர்காவ் நகரில் வேலை பார்த்த காலத்தில் இந்த வழக்கை இரு தரப்பு வாயிலிருந்தும் நிறையக் கேட்டிருக்கிறேன். இரு தரப்பும் தமக்கு வசதியான ஆண்டிலிருந்துதான் கதையைத் தொடங்குகிறார்கள்.

கோவாவுக்கு அச்சு இயந்திரம் வந்தது 1556இல். கொங்கணியின் முதல் அச்சு நூல், இயேசு சபைப் பாதிரியார் தாமஸ் ஸ்டீபன்ஸ் எழுதிய ஞானோபதேசம். அவர் இறந்து மூன்று ஆண்டுகள் கழித்து, 1622இல் ராய்ச்சூல் குருமடத்தில் ரோமன் எழுத்தில் அச்சானது. ஏன் ரோமன்? உள்ளூர் எழுத்துக்கு ஈய அச்சுகள் இல்லை, அவ்வளவுதான். தமிழுக்கும் அதே நிலை இருந்தது. 1554இல் லிஸ்பனில் அச்சான தமிழ் நூல் ரோமன் எழுத்தில்தான் வந்தது. பிறகு அதே சபையார் தமிழ் அச்செழுத்துகளை வார்க்க, 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' வெளிவந்தது. நமக்கு வாய்த்தது கொங்கணிக்கு வாய்க்கவில்லை. உள்ளூர் எழுத்தில் அச்சிட அனுமதி வேண்டி ஸ்டீபன்ஸே 1608இல் ரோமுக்குக் கடிதம் எழுதினார்; காரியம் நடக்கவில்லை.

அரசு திணித்தது என்ற வாதம் இன்னும் பலவீனமானது. 1684இல் வைஸ்ராய் போட்ட ஆணை, மூன்று ஆண்டுக்குள் மக்கள் கொங்கணியை விட்டுப் போர்த்துகீசிய மொழிக்கு மாற வேண்டும் என்றது. மொழியையே ஒழிக்கப் பார்த்தவர்கள் அதற்கு எழுத்து வளர்த்தார்கள் என்பது பொருந்துகிறதா? ரோமன் கொங்கணி மக்கள் எழுத்தாக வளர்ந்தது பிரிட்டிஷ் மண்ணில். முதல் கொங்கணிப் பத்திரிகை 1889இல் புனேயில் வந்தது. 'தியாத்ர்' என்னும் கொங்கணி நாடக வகை 1892இல் பம்பாயில் முதன்முதலாக மேடையேறியது. பார்த்தவர்களும் படித்தவர்களும் கப்பல் வேலைக்கும் சமையல் வேலைக்கும் போன கோவாக்காரர்கள். பம்பாயின் தோபி தலாவ் பக்கம் ஊர்வாரியாக வைத்திருந்த 'கூட்' விடுதிகளில் தங்கியவர்கள்.

தேவநாகரியும் ஆதி எழுத்து அல்ல. பழைய கிராமக் கணக்குகளில் கன்னடத்துக்கு நெருக்கமான கோய்கானடி எழுத்து புழங்கியது. தேவநாகரிக் கொங்கணிக்கு இலக்கிய மதிப்பு தேடித் தந்தவர் இருபதாம் நூற்றாண்டின் எழுத்தாளர் ஷெணை கொய்ம்பாப். அவரும் பம்பாயில் இருந்தே எழுதினார் என்பது வேடிக்கை.

ரோமன் தரப்பும் கொஞ்சம் மிகைப்படுத்துகிறது. நானூறு ஆண்டு அறுபடாத மரபு என்பார்கள். நடுவில் அச்சு ஏறக்குறைய ஊமையாகக் கிடந்த நீண்ட காலத்தைச் சொல்ல மாட்டார்கள். ஆனால் அதை வெறும் தேவாலய எழுத்து என்று ஒதுக்குவோருக்கும் ஒரு செய்தி உண்டு: போர்ச்சுகலின் பிராகா நகர நூலகத்தில் ராமாயண, மகாபாரதக் கதைகள் ரோமன் எழுத்தில் எழுதிய பழைய கொங்கணிச் சுவடிகளாக இருக்கின்றன.

இவ்வளவு சூடு எதற்கு என்றால், கோவாவின் 1987ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டத்துக்குத்தான் வர வேண்டும். கொங்கணி என்றால் தேவநாகரியில் எழுதிய கொங்கணி என்று அது வரையறுத்துவிட்டது. அதன் விளைவை என் பக்கத்து வீட்டில் பார்த்தேன். பாட்டி தினமும் ரோமன் எழுத்து ஜெபப் புத்தகம் படிப்பார். ஷகரத்துக்கு 'எக்ஸ்', டகரத்துக்கு இரட்டை 'டி' என்ற அந்த எழுத்துமுறை அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. பேரனின் கொங்கணிப் பாடநூலோ தேவநாகரி. இருவர் பேச்சும் ஒன்றுதான், ஆனாலும் வீட்டுப்பாடத்தில் அவரால் ஒரு வரிகூட உதவ முடியவில்லை.

இரண்டு எழுத்தையும் ஏற்றால் கொங்கணி பிளவுபட்டு மராத்திக்கு வழிவிடும் என்று தேவநாகரி தரப்பு அஞ்சுகிறது. அதே சட்டம் மராத்திக்கும் இடம் கொடுத்திருப்பதால் அந்த அச்சத்தை நான் ஏளனம் செய்ய மாட்டேன். ஆனாலும் சட்டத்தைத் திருத்தி ரோமனையும் சேர்ப்பதே நியாயம் என்பேன். அந்தச் சட்டம் கேட்டு 1986இல் தெருவில் இறங்கியவர்களில் கணிசமானோர் ரோமனில் மட்டுமே கொங்கணி படிக்கத் தெரிந்தவர்கள்.