பட்டத்தில் கல்வியியல் எடுத்தால் டீச்சர் ஆகிவிடலாமா?

தங்கச்சி, ஹட்டனில் உயர்தரம் முடித்துப் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் போகப்போகிற நீங்கள் கேட்பது, கலைமாணிப் பட்டத்தில் (B.A.) கல்வியியலும் ஒரு பாடமாக இருந்தால் ஆசிரியப் பயிற்சி முடிந்த கணக்கா என்பதுதானே? இல்லை. அது கல்வி உளவியல், தத்துவம், சமூகவியல் என்று கல்வியை ஆராய்கிற பாடம். (தத்துவத்தில் தூக்கம் வரும், இப்பவே சொல்லிவிடுகிறேன்.) ஆசிரியத் தொழிற்தகைமை வேண்டும் என்றால், பட்டம் முடித்த பிறகு பட்டப்பின் கல்வி டிப்ளோமா செய்ய வேண்டும். சீக்கிரமே வகுப்பறைக்குப் போகணும் என்றால் பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி: 3 வருடம், கடைசி வருடம் பாடசாலையிலேயே படிப்பித்துப் பழகுகிற கட்டுறுப் பயிற்சி.

ஆனாலும் எடுங்கள் என்றே சொல்வேன். நான் படிப்பித்த தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஒரே மண்டபத்தில் மூன்று வகுப்பு, நடுவில் ஒரு தட்டிகூட இல்லை. நான் கதை சொல்லிக்கொண்டிருப்பேன், என் பிள்ளைகள் பக்கத்து வகுப்போடு சேர்ந்து "ஏழெட்டு ஐம்பத்தாறு" என்பார்கள். ஒரு பிள்ளை வாரத்தில் இரண்டு நாள் வரவே மாட்டாள். சோம்பேறி என்று நினைத்திருந்தேன். அம்மா கொழுந்தெடுக்கப் போனால் லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில்) தம்பியைப் பார்த்துக்கொள்வது அவள்தானாம். கல்விச் சமூகவியலில் பரீட்சைக்காக மனப்பாடம் செய்தது அன்றைக்குத்தான் உறைத்தது.

ஒன்று மட்டும்: கூடவே தமிழ், புவியியல், வரலாறு மாதிரி பாடசாலையில் படிப்பிக்கிற பாடம் ஒன்றையும் எடுத்துவிடுங்கள். நியமனத்தில் பாடத்தைத்தான் பார்ப்பார்கள்.