குழியை மூடுவதற்கு முன்னால்: வாசகர் கேள்வி – பதில்

கல்லூரி, மருத்துவமனை, தொழிற்சாலை வளாகங்களின் குழாய், கேபிள், வடிகால் எல்லாவற்றையும் ஜிஐஎஸ் என்கிற புவியியல் தகவல் அமைப்பில் ஏற்றி நிர்வகிப்பது பற்றி நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. இந்த முறை பக்கம் முழுவதையும் அதற்கே கொடுத்துவிடலாம்.

கேள்வி: பொறியியல் கல்லூரி ஒன்றில் பராமரிப்புப் பிரிவைப் பார்க்கிறேன். போன மாதம் புது ஹாஸ்டலுக்குத் தண்ணீர் லைன் போட ஜேசிபி வைத்துத் தோண்டியபோது ஃபைபர் கேபிள் அறுந்து பாதி வளாகத்துக்கு நெட் போய்விட்டது. "ஜிஐஎஸ் வாங்கிவிடுங்கள்" என்கிறது நிர்வாகம். எங்களிடம் ஆட்டோகேட் வரைபடங்கள் இருக்கின்றன, அவை போதாதா? வாங்குவதென்றால் எதை வாங்குவது?
– பராமரிப்புப் பொறியாளர், சேலம் மாவட்டம்

பதில்: ஆட்டோகேட் படத்தில் ஓடுகிற நீலக் கோடு தண்ணீர்க் குழாய் என்று உங்களுக்குத் தெரியும், கம்ப்யூட்டருக்கு அது வெறும் கோடுதான். ஜிஐஎஸ்ஸில் அதே கோட்டைத் தொட்டால் நாலு அங்குல பிவிசி, எந்த வருடம் போட்டது, எத்தனை அடி ஆழம், எந்த டேங்கிலிருந்து வருகிறது, எந்த வால்வில் நிற்கும் என்று எல்லா விவரமும் வரும். அதைவிடப் பெரிய விஷயம், எந்தக் குழாய் எதனோடு சேர்ந்திருக்கிறது என்பது அதற்குத் தெரியும். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மெயின் லைன் உடைந்தால் எந்தெந்த வால்வை அடைக்க வேண்டும், அடைத்தால் எந்தக் கட்டடங்களுக்குத் தண்ணீர் போகாது என்று கேட்டால் அது சொல்லும், வாட்ச்மேன் டார்ச்சோடு ஒவ்வொரு சேம்பராகத் திறந்து பார்க்க வேண்டியதில்லை. ஆனால் வரைகிறவர் ஒவ்வொரு வால்விலும் கோட்டை வெட்டி, முனையோடு முனை சரியாக ஒட்ட வைத்திருக்க வேண்டும். திரையில் ஒட்டினாற்போலத் தெரிகிற இரண்டு குழாய்களுக்கு நடுவே இரண்டு சென்டிமீட்டர் இடைவெளி இருந்தாலும் கணக்கு அங்கேயே நின்றுவிடும். பழைய ஆட்டோகேட் படத்தை அப்படியே உள்ளே தள்ளினால் இப்படிப்பட்ட இடைவெளிகள் ஏராளமாக இருக்கும். அதனால் அந்தப் படத்தை அடியில் வைத்து மேலே புதிதாக வரைவதுதான் நல்லது.

மென்பொருளுக்கு முதல் வருடம் காசு செலவழிக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. க்யூஜிஐஎஸ் இலவசம். 2002-ல் கேரி ஷெர்மன் தொடங்கியது, இன்று உலகம் முழுக்க அரசு அலுவலகங்கள் வரை பயன்படுத்துகிறார்கள். ஒருவர் மட்டும் வேலை செய்கிறவரை எல்லாவற்றையும் ஜியோபேக்கேஜ் என்ற ஒரே கோப்பில் வைத்துக்கொள்ளலாம். மூன்று நான்கு பேர் ஒரே நேரத்தில் திருத்த வேண்டிய கட்டம் வரும்போது பல பேர் ஒரே நேரத்தில் பயன்படுத்தக்கூடிய தரவுத்தளமான போஸ்ட்ஜிஐஎஸ் பக்கம் போங்கள், அதுவும் இலவசம்தான். போனில் வைத்துக்கொண்டு வளாகத்தைச் சுற்ற க்யூஃபீல்டு செயலி இருக்கிறது. எஸ்ரி நிறுவனத்தின் ஆர்க்ஜிஐஎஸ் சிறப்பான மென்பொருள், அதில் சந்தேகமில்லை; ஆனால் லைசென்ஸுக்குக் கொடுக்கிற பணத்தை இப்போதைக்குச் சர்வேக்கும், இந்த வேலையை மட்டுமே பார்க்கிற ஒரு ஆளின் சம்பளத்துக்கும் கொடுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் வரையப் போகாதீர்கள். கண்ணுக்குத் தெரிகிறவற்றில் தொடங்குங்கள்: வால்வு சேம்பர், மேன்ஹோல், போர்வெல், சம்ப், ஓவர்ஹெட் டேங்க், டிரான்ஸ்பார்மர், ஃபீடர் பில்லர் என்கிற மின் விநியோகப் பெட்டி. ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். அந்த எண்ணை வரைபடத்தில் எழுதினால் மட்டும் போதாது, சேம்பர் மூடியிலும் பெயின்டில் எழுத வேண்டும். போனில் "வி-37 ஒழுகுகிறது" என்று ஒருவர் சொன்னால் இன்னொருவருக்கு அந்த நொடியே இடம் தெரிய வேண்டும். இந்த ஒரு வேலை முடிந்தாலே பராமரிப்பில் பாதித் தொல்லை தீரும்.

கேள்வி: பூமிக்கு அடியில் இருப்பதை ரேடார் வைத்துக் கண்டுபிடித்துத் தருவதாக ஒரு கம்பெனி பெரிய தொகை கேட்கிறது. அந்தச் செலவு தகுமா?
– மருத்துவமனை நிர்வாகி, விருதுநகர்

பதில்: தகும், எதற்கு என்று தெரிந்து கொடுத்தால். அமெரிக்காவில் பர்டூ பல்கலைக்கழகம் 1999-ல் 71 நெடுஞ்சாலைத் திட்டங்களை ஆராய்ந்தது. தோண்டுவதற்கு முன் நிலத்தடி வசதிகளை முறையாகக் கண்டறியச் செலவிட்ட ஒவ்வொரு டாலருக்கும் 4.62 டாலர் மிச்சமானதாகக் கணக்கிட்டது. நெடுஞ்சாலைக் கணக்கு அப்படியே உங்கள் வளாகத்துக்குப் பொருந்தாது, ஆனால் ஆக்சிஜன் லைனும் ஐசியு கரண்டும் மண்ணுக்குள் ஓடுகிற இடத்தில் ஒரு வெட்டு என்ன செய்யும் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு விஷயத்தை மட்டும் முதலிலேயே கேட்டுவிடுங்கள், உங்கள் மண் என்ன மண்? விருதுநகர்ப் பக்கம் நிறையக் கரிசல். ஈரமான களிமண்ணில் ரேடார் அலை சீக்கிரமே அடங்கிவிடும், ஆழத்துக்குப் போகாது. ஆகவே சர்வேயைக் கோடைகாலத்தில் வையுங்கள், முதலில் உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு குழாய்மேல் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். கேபிள் லொக்கேட்டர் என்கிற கைக்கருவி இரும்புக் குழாயையும் கரண்ட் ஓடும் கேபிளையும் நன்றாகப் பிடிக்கும், விலையும் குறைவு. வெறும் பிவிசி குழாய் அதன் கண்ணுக்கே தெரியாது. இனிமேல் போடுகிற பிவிசி, ஃபைபர் எல்லாவற்றோடும் லொக்கேட்டர் பிடிக்கும்படி ஒரு செம்புக் கம்பியைச் சேர்த்துப் புதைத்து, அதற்குமேல் எச்சரிக்கை டேப்பும் விரிக்கச் சொல்லுங்கள். ஒரு மீட்டர் நீளத்துக்கு ஆகிற செலவு அற்பம்.

இதைவிட முக்கியமான ஒன்றை அமெரிக்க சிவில் பொறியாளர்கள் சங்கம் 2002-ல் ஒரு தரநிலையாகவே எழுதி வைத்தது, அதை 2022-ல் புதுப்பித்தார்கள். ஒரு குழாய் இங்கே இருக்கிறது என்று சொன்னால் எப்படித் தெரியும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், அதற்கு நான்கு தரம். பழைய படத்தையும் வாய்வார்த்தையையும் நம்பி வரைந்தது டி. மேலே தெரிகிற மேன்ஹோல், வால்வுகளை அளந்து, அதோடு பொருத்திப் பார்த்தது சி. கருவி வைத்துக் கண்டறிந்தது பி. கையால் குழி தோண்டிக் கண்ணால் பார்த்து அளந்தது ஏ. உங்கள் ஜிஐஎஸ்ஸில் ஒவ்வொரு கோட்டுக்கும் இந்த எழுத்து இருக்கட்டும், டி தரக் கோடுகள் புள்ளிக்கோடாகத் தெரியட்டும். வரைபடம் அழகாக இருக்கிறதென்று எல்லாமே ஒரே மாதிரி கெட்டிக் கோடாக இருந்தால், ஜேசிபி ஓட்டுகிறவர் அதை நம்பித்தான் பக்கெட்டை இறக்குவார். இந்த ஒரு தகவலை விட்டுவிட்ட வரைபடம் வரைபடமே இல்லாததைவிட ஆபத்து.

கேள்வி: என் அப்பா ஒரு கல்லூரியில் நெடுங்காலமாக பிளம்பர். அடுத்த வருடம் ஓய்வு. "உங்களுக்குத் தெரிந்ததை எல்லாம் எழுதிக் கொடுங்கள்" என்று ஆபீசில் கேட்கிறார்கள். அவருக்கு எழுத வராது, பிளான் பார்க்கவும் தெரியாது. வளாகத்தில் நின்றால் எல்லாம் சொல்வார். எப்படி உதவுவது?
– கல்லூரி மாணவி, தஞ்சாவூர்

பதில்: எழுதிக் கொடுக்கச் சொல்வதே தவறு, அம்மா. அப்பாவை மேஜையில் உட்கார வைக்கக் கூடாது, நடக்க வைக்க வேண்டும். அவர் முன்னால் போகட்டும், பின்னால் க்யூஃபீல்டு உள்ள போனோடு நீங்களோ அலுவலக ஆளோ போங்கள். அவர் நிற்கிற இடத்தில் ஒரு புள்ளி, ஒரு போட்டோ, அவர் சொல்வது அப்படியே குரல் பதிவாக. தரையில் சுண்ணாம்புப் பொடியால் அவரையே கோடு போடச் சொல்லுங்கள், "இந்த வேப்பமரத்துக்கு ரெண்டடி தள்ளி வளையுது" என்பார், அதை டேப் பிடித்து அளந்துகொள்ளலாம். மரம் நாளைக்குப் போய்விடும் என்பதால் கட்டட மூலைகளிலிருந்தும் ஒரு அளவு எடுங்கள். ஒரே நாளில் முடிக்கப் பார்க்காதீர்கள். ஒரு நாள் தண்ணீர், ஒரு நாள் சாக்கடை, அப்புறம் மழைநீர் என்று பிரித்துக்கொண்டால் அவருக்கும் ஒன்றிலிருந்து ஒன்று ஞாபகம் வரும். எங்கே அடிக்கடி உடையும், எந்த வால்வு இறுகிப்போய்த் திரும்பாது, எந்த லைனைக் கைவிட்டுவிட்டார்கள் என்பதையும் கேளுங்கள். எந்த டிராயிங்கிலும் இல்லாத விஷயங்கள் அவை.

இதெல்லாம் டி தரத் தகவல்தான் என்று யாராவது சொல்வார்கள். சொல்லட்டும், அவர் காட்டிய இடத்தில் நாலு சோதனைக் குழி போட்டால் ஏ ஆகிவிடும். எங்கே தோண்டுவது என்பதே அவர் சொல்லித்தான் தெரிகிறது. கல்லூரி நிர்வாகத்திடம் நான் கேட்பது: இந்த நாட்களை அவருடைய வேலை நாளாகவே கணக்கிடுங்கள், தகவல் தந்தவர் என்ற கட்டத்தில் அவர் பெயரைப் போடுங்கள், ஓய்வுக்குப் பிறகும் மதிப்பூதியம் கொடுத்து அழையுங்கள். வெளியிலிருந்து வரும் ஆலோசகருக்குக் கொடுக்க மனம் வருகிறது, இவருக்குக் கொடுக்க வராதா?

கேள்வி: போன் ஜிபிஎஸ்ஸில் எடுத்த மேன்ஹோல்கள் எல்லாம் கட்டடத்து மொட்டைமாடியில் விழுகின்றன. சர்வேயர் கொடுத்த படத்தைத் திறந்தால் அது கடலுக்குள் போய் நிற்கிறது. எது தப்பு?
– கோயம்புத்தூர் வாசகர்

பதில்: இரண்டும் வேறு வேறு சிக்கல். போன் ஜிபிஎஸ் திறந்த வெளியில் சுமார் ஐந்து மீட்டர் துல்லியம்தான் தரும், மரத்தடியிலும் கட்டட ஓரத்திலும் இன்னும் மோசம். வால்வு இந்தக் கட்டடத்துப் பக்கம் என்று தெரிய அது போதும், தோண்டப் போதாது. நிலையாக நிற்கும் இன்னொரு கருவியை வைத்துப் பிழையைத் திருத்திக்கொள்ளும் ஆர்டிகே முறையில் எடுக்கும் டிஜிபிஎஸ் கருவி சில சென்டிமீட்டருக்குள் தரும். வளாகத்தில் சில நிலையான கற்களை அதை வைத்து நட்டுக்கொண்டு, மற்றதை டோட்டல் ஸ்டேஷன் என்கிற, கோணமும் தூரமும் அளக்கும் சர்வே கருவியில் எடுக்கலாம்.

கடலுக்குள் போன படம்: நம் சர்வேயர்கள் பெரும்பாலும் முதல் கல்லின் இடத்தை 1000, 1000 என்று தாங்களாகவே ஒரு கணக்காக வைத்துக்கொண்டு வேலையை ஆரம்பிப்பார்கள். உங்கள் வளாகத்துக்குள் அது சரியாக இருக்கும், பூமியில் எங்கே என்பது அதற்குத் தெரியாது. அந்தக் கற்களில் மூன்று நான்கையாவது டிஜிபிஎஸ்ஸில் எடுத்துவிட்டால் முழுப் படத்தையும் இடம் மாற்றி உட்கார வைத்துவிடலாம். கோவைக்காரர்களுக்கு இன்னொன்று. பூமியை நெடுக்கு மண்டலங்களாகப் பிரித்து மீட்டரில் இடம் சொல்லும் யூடிஎம் முறையில் 78 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையில் மண்டலம் மாறுகிறது, அந்தக் கோடு திண்டுக்கல், கரூர் பக்கமாகத் தமிழ்நாட்டை இரண்டாகப் பிரிக்கிறது. கோவை 43-ம் மண்டலம், சென்னையும் திருச்சியும் 44. சென்னைக் கம்பெனி பழக்கத்தில் 44 என்று போட்டுவிட்டால் உங்கள் வளாகம் சுமார் 650 கிலோமீட்டர் கிழக்கே, வங்கக்கடலில் போய் நிற்கும். டெண்டரிலேயே 43-ம் மண்டலத்துக்கான 32643 என்ற குறியீட்டை எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: மழை வந்தால் எங்கள் விளையாட்டு மைதானமும் நூலக வாசலும் குளமாகின்றன. கூகுள் எர்த் காட்டும் உயரங்களை வைத்து வடிகால் திட்டமிட முடியுமா?
– சிவில் மாணவர்கள், சென்னை

பதில்: முடியாது. இலவசமாகக் கிடைக்கிற உயரத் தரவுகளில் பெரும்பாலானவை 30 மீட்டர் கட்டம், உயரத்தில் பிழை மீட்டர் கணக்கில் வரும். வடிகாலுக்கு 200-க்கு 1 சரிவு என்றால் அந்த 30 மீட்டருக்கு இறக்கமே 15 சென்டிமீட்டர்தான். ட்ரோன் நன்றாக உதவும், தரையில் குறிகள் வைத்து அளந்து பறக்கவிட்டால். ஆனால் கேமரா ட்ரோன் மரத்தின் உச்சியைத்தான் பார்க்கும், அடியில் உள்ள மண்ணைப் பார்க்காது. விமான நிலையம் பக்கமாக இருந்தால் பறக்க அனுமதியையும் மத்திய அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதள வரைபடத்தில் பார்த்துவிடுங்கள்.

நீங்கள் மாணவர்கள், கை நிறைய ஆள் இருக்கிறது. ஆட்டோ லெவல் என்கிற, மட்டம் அளக்கும் கருவி ஒன்றை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு மழைநீர் சேம்பரிலும் மூடியின் உயரம், உள்ளே குழாயின் அடிமட்டம் இரண்டையும் எடுங்கள். அடிமட்டங்களை ஜிஐஎஸ்ஸில் போட்டு, எந்தக் குழாயில் தண்ணீர் போக வேண்டிய பக்கம் மட்டம் ஏறுகிறது என்று மட்டும் சிவப்பில் காட்டச் சொல்லுங்கள். நூலக வாசல் ஏன் தேங்குகிறது என்பதற்குப் பெரும்பாலும் அந்தச் சிவப்புக் கோடுகளிலேயே விடை இருக்கும். அடுத்த பெருமழையன்று தண்ணீர் நின்ற எல்லையையும் வரைந்து மேலே வையுங்கள், கணினி மாதிரியைவிட நிர்வாகத்துக்கு அது சீக்கிரம் புரியும்.

கேள்வி: இந்த வரைபடத்தை எல்லோரும் பார்க்கும்படி இணையத்தில் போடலாமா?
– மதுரை வாசகர்

பதில்: கட்டடம், பாதை, கழிவறை, சக்கர நாற்காலிச் சரிவு இவற்றைத் தாராளமாகப் போடுங்கள். மின் இணைப்பு, குடிநீர்த் தொட்டி, சர்வர் அறை, கேபிள் பாதை வேண்டாம். ஆனால் தோண்டுகிற காண்டிராக்டருக்கு அந்தப் பகுதியின் படம் கட்டாயம் கையில் போக வேண்டும், ரகசியம் என்று பூட்டி வைத்தால் மறுபடி கேபிள்தான் அறும்.

கேள்வி: மூன்று வருடத்துக்கு முன் செலவு செய்து ஜிஐஎஸ் செய்தோம். இப்போது பாதி தப்பு. திரும்ப முழு சர்வே செய்ய வேண்டுமா?
– எஸ்டேட் அலுவலர் (வளாகப் பராமரிப்பு), பெயர் வேண்டாம் என்றவர்

பதில்: வேண்டாம். முழு சர்வே செய்தாலும் வேலை நடக்கிற முறை மாறாவிட்டால் இன்னும் மூன்று வருடத்தில் இதே கடிதத்தை எழுதுவீர்கள். இரண்டு விதிகளை நிர்வாகத்தின் கையெழுத்தோடு கொண்டுவாருங்கள். எஸ்டேட் அலுவலகம் வரைபடத்தைப் பார்த்துச் சீட்டு கொடுக்காமல் வளாகத்துக்குள் ஒரு கடப்பாரை இறங்கக் கூடாது, தோட்ட வேலையானாலும் சரி, கம்பம் நடுவதானாலும் சரி. வெளியே பொதுச் சாலைக்கு 2023 மார்ச்சில் மத்திய அரசு 'கால் பிஃபோர் யூ டிக்' என்றொரு செயலியையே கொண்டுவந்தது, தோண்டுகிறவர் கேபிள், குழாய் சொந்தக்காரர்களுக்கு முன்கூட்டியே தெரிவிப்பதற்காக. உங்கள் வளாகத்துக்குள் அந்த வேலையை நீங்கள்தான் செய்ய வேண்டும்.

இரண்டாவது, குழி திறந்திருக்கும்போதே அளவு எடுக்க வேண்டும். குழாய் போட்டாயிற்று, மண் தள்ளவில்லை, அந்த நேரத்தில் நான்கு போட்டோ, வளைவுகளின் இடம், ஆழம் எடுத்தால் ஏ தரத் தகவல் கிட்டத்தட்ட இலவசமாகக் கிடைக்கிறது. மூடிவிட்ட பிறகு அதே தகவலுக்கு ரேடாருக்கும் ஆளுக்கும் பணம் கட்ட வேண்டும். காண்டிராக்டர் இதைத் தானாகச் செய்ய மாட்டார், அதனால் ஒப்பந்தத்திலேயே எழுதி, ஜிஐஎஸ் பார்க்கிறவர் அளவைச் சரிபார்த்துக் கையெழுத்திடாமல் கடைசி பில் தொகையை விடாதீர்கள். பழைய தப்புகளுக்குத் தனி சர்வே எதற்கு, எந்த வேலைக்காக எந்தக் குழி திறந்தாலும் அதில் தெரிகிற பழைய லைன்களையும் சேர்த்து அளந்து திருத்திக்கொண்டே வாருங்கள். டிரான்ஸ்பார்மர், ஜெனரேட்டர், மெயின் டேங்க் சுற்றுப்புறம் மட்டும் காத்திருக்காமல் இந்தக் கோடையிலேயே சோதனைக் குழி போட்டுச் சரிபார்த்துவிடுங்கள்.