ஓட்டில் 1865

ஐயா, வணக்கம்.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் எங்கள் தாத்தா காலத்து மளிகைக் கடை இருக்கிறது. செங்கல் சுவர், முன்னால் ஓட்டுத் தாழ்வாரம், உள்ளே மெட்ராஸ் டெரஸ் கூரை. ஓட்டில் 1865 என்று பொறித்திருக்கிறது. சித்தப்பாக்கள் இடித்துவிட்டு காம்ப்ளக்ஸ் கட்ட வேண்டும் என்கிறார்கள். "கோயிலா, அரண்மனையா? கடைதானே!" என்கிறார்கள். என்ன பதில் சொல்வது?
க.

அன்புள்ள க.,

முதலில், அந்த ஓட்டைக் காட்டி வாதாடாதீர்கள். 1865 என்பது மங்களூரில் பாசல் மிஷன் என்ற சுவிட்சர்லாந்து கிறித்தவ அமைப்பு ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய ஆண்டு. பின்னால் சுட்ட ஓடுகளிலும் அதையே பொறித்தார்கள். சித்தப்பாக்களில் ஒருவருக்கு இது தெரிந்திருந்தால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். பழைய கிரயப் பத்திரம், வரி ரசீது இருக்கிறதா என்று பெட்டியைக் குடையுங்கள். சேலம் நகராட்சி 1866-லேயே வந்துவிட்டதால், பழைய ரசீது கிடைத்தாலும் கிடைக்கும்.

ஆனால் வயது இரண்டாம்பட்சம். வாரச் சந்தை காலையில் கூடி மாலையில் கலைந்துவிடும். அங்கே ஒருவர் கைக்காசைப் போட்டுச் செங்கல் கட்டடம் எழுப்புகிறார் என்றால், வருஷம் முழுக்க வியாபாரம் நடக்கும் என்று நம்புகிறார். சந்தை ஊராக மாறியதை அப்படிப்பட்ட சுவர்களில்தான் பார்க்க முடியும். முன்னால் கடை, நடுவில் குடோன், பின்னால் குடித்தனம், பக்கத்துக் கடையோடு பொதுச் சுவர். யார் யாரை நம்பிப் பிழைத்தார்கள் என்பது அந்த அமைப்பிலேயே தெரிகிறது. கோயிலுக்குக் கல்வெட்டு இருக்கிறது. மண்டிக்காரருக்கு இதைத் தவிர வேறென்ன இருக்கிறது?

கூரையை நிமிர்ந்து பாருங்கள். தேக்குக் கட்டைகளின் மேல் சன்னச் செங்கற்களைச் சாய்கோணத்தில் குத்தாக நிறுத்திச் சுண்ணாம்புச் சாந்தில் அடுக்கியிருப்பார்கள். அதன்மேல் செங்கல் ஜல்லிக் காரையைக் கொட்டி அடித்து, தட்டை ஓடுகளைப் பதிப்பார்கள். இன்று இந்த வேலை தெரிந்த கொத்தனாரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஒழுகுகிறது என்று யாராவது சிமென்ட் பூசியிருந்தால் அதுதான் வினை. சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும், சிமென்ட் அடைத்துவிடும். உள்ளே தங்கிய உப்பு செங்கல்லை மாவாக உதிர்க்கும். "கட்டடம் செத்துவிட்டது" என்று பலர் சொல்வது பெரும்பாலும் இந்தப் பூச்சைப் பார்த்துத்தான்.

தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டம் 2012-இல் இயற்றப்பட்டது. அதை நம்பி உட்கார வேண்டாம். வாடகை வராத கடையைச் சட்டத்தால் மட்டும் காப்பாற்ற முடியாது. முன்பக்கத்தையும் பொதுச் சுவரையும் விட்டுவிட்டு, பின்கட்டில் மாடி எடுக்கலாம் என்று பேசிப் பாருங்கள். பொதுச் சுவரில் கை வைத்தால் பக்கத்துக் கடையும் ஆட்டம் காணும், வழக்கு வரும். பாரம்பரியம் என்ற பேச்சை விட இது சித்தப்பாக்களுக்குச் சட்டென்று புரியும். (முகப்பை மட்டும் வைத்துப் பெயின்ட் அடித்து காபி ஷாப் ஆக்கும் யோசனை வந்தால், எனக்கு அதில் மரியாதை இல்லை.)

இடிப்புக்கு எஸ்டிமேட் வாங்கும் முன், கட்டைகள் சுவருக்குள் நுழையும் முனைகளைத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். கரையானும் ஈரமும் முதலில் பிடிக்கும் இடம் அதுதான். முனை கெட்டியாக இருந்தால், பழுது பார்க்கவும் ஒரு எஸ்டிமேட் வாங்கி இரண்டையும் அவர்கள் முன்னால் வையுங்கள்.